அமிலம் இறங்கட்டும் என்று கீமோவைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதமாகக் காய்ச்சல், எடைக்குறைவு. கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்ததில் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று வந்திருக்கிறது, கல்லீரலிலும் பரவியிருக்கிறதாம். கீமோ தொடங்கும் முன்பே கடுமையாக மூச்சு வாங்கத் தொடங்கியதால் ஐ.சி.யு.வில் சேர்த்திருக்கிறோம். ஆக்சிஜன் அளவு 98, இரத்த அழுத்தம் 118/70. ஆனால் இரத்தத்தில் லேக்டேட் 11.4, பி.எச். 7.24 என்கிறார்கள். முதல் நாள் சோடா பைகார்ப் ஏற்றினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். இந்த நிலையிலேயே கீமோ கொடுத்தாக வேண்டும் என்கிறார் மருத்துவர். முதலில் அமிலத்தைச் சரிசெய்து, உடம்பு கொஞ்சம் தேறியபின் கொடுக்கக் கூடாதா? டிரிப்பில் ஏறிய ரிங்கர் லேக்டேட்தான் இதற்குக் காரணம் என்கிறார் ஓர் உறவினர். இன்னொருவர், புற்றுநோய் சர்க்கரையைத் தின்று வளர்வது, எனவே குளுக்கோஸை நிறுத்தச் சொல்லுங்கள், ஆப்ப சோடாவைக் கரைத்துக் கொடுங்கள் என்கிறார். அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அவரை எப்போது வரச்சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சுருக்கமாக ஒரு பதிலைத் தனியே அனுப்பியிருந்தேன். இதே இக்கட்டில் மாட்டிக்கொள்ளும் மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால், உங்கள் சம்மதத்துடன் இங்கே விரிவாக எழுதுகிறேன். அப்பாவை நான் நேரில் பார்க்கவில்லை; கட்டிலருகே நிற்கும் மருத்துவரின் கண்ணுக்கு என் எழுத்து ஈடாகாது. ஆயினும் நீங்கள் அனுப்பிய அறிக்கைகளை வைத்துப் பார்க்கையில், "முதலில் அமிலம், பிறகு கீமோ" என்று நீங்கள் கேட்கும் வரிசை, கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும், இந்த நோயில் தலைகீழானது என்றே சொல்வேன். லிம்ஃபோமாவால் வந்த லேக்டிக் அசிடோசிஸுக்கு, அதாவது லேக்டேட் சேர்ந்து இரத்தத்தில் அமிலம் ஏறும் நிலைக்கு, லிம்ஃபோமாவை அடக்குவதுதான் சிகிச்சை. மற்றவை எல்லாம் அதற்கு நேரம் வாங்கித் தருபவை.

லேக்டேட் ஏதோ வெளியிலிருந்து புகுந்த நஞ்சு அல்ல. ஆரோக்கியமான ஒருவரின் உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமோல் லேக்டேட்டை உண்டாக்குகிறது. தசை, சிவப்பணு, தோல், குடல் எல்லாம் அதற்குப் பங்களிக்கின்றன. பெரும்பகுதியைக் கல்லீரலும் மீதியில் கணிசமானதைச் சிறுநீரகமும் எடுத்துக்கொண்டு மறுபடி குளுக்கோஸாக்கியோ எரித்தோ தீர்த்துவிடுவதால், இரத்தத்தில் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் நிற்பதில்லை. உங்கள் அப்பாவின் உடலில் இந்த வரவு-செலவு இரண்டு பக்கமும் கெட்டிருக்கிறது. வேகமாகப் பெருகும் லிம்ஃபோமா செல்கள், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தாலும் குளுக்கோஸை முழுவதும் எரிக்காமல் பாதியிலேயே லேக்டேட்டாக்கி வெளியே தள்ளுகின்றன. ஜெர்மன் அறிவியலாளர் ஆட்டோ வார்பர்க் 1920-களில் கண்டுசொன்ன இயல்பு இது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுதாக எரித்தால் கிடைக்கும் ஏறத்தாழ 30 ஏ.டி.பி. ஆற்றல் அலகுகளுக்குப் பதில் இரண்டே கிடைப்பதால், அந்தச் செல்கள் குளுக்கோஸை வாரி வாரி விழுங்குகின்றன. மறுபக்கம், லேக்டேட்டைத் தீர்க்க வேண்டிய கல்லீரலிலேயே அதே செல்கள் குடியேறிவிட்டன. வரவு பெருகிச் செலவு சுருங்கிய கணக்கில் நாளுக்கு நாள் இருப்பு ஏறத்தானே செய்யும்!

இனி, அப்பாவின் எண்களைப் பார்ப்போம். "ஆக்சிஜன் 98 இருக்கும்போது ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?" என்று தனிப்பட்ட குறிப்பில் கேட்டிருந்தீர்கள். அவருடைய நுரையீரலில் கோளாறு இல்லை. இரத்தத்தில் அமிலம் ஏறும்போது கார்பன் டை ஆக்சைடை வெளியே ஊதித் தள்ளி ஈடுகட்டுவதுதான் உடலுக்கு இருக்கும் உடனடி வழி. இரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் அவருக்கு 9; அதற்கு ஏற்றபடி கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஏறத்தாழ 21-22க்கு இறங்கியிருக்க வேண்டும்; அறிக்கையிலும் 22 என்றே இருக்கிறது. அதாவது நுரையீரல் தன்னால் முடிந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த அமிலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. இரவுப் பணியில் இருப்பவரிடம் "தூங்கக்கூட முடியாமல் தவிக்கிறார், ஓர் ஊசி போடுங்கள்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த மூச்சை மந்தப்படுத்தினால் பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சில நிமிடங்களில் சரிந்துவிடக்கூடும். வென்டிலேட்டர் வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு: நோயாளி தானாக எவ்வளவு காற்றை இழுத்து விடுகிறாரோ அதே அளவை இயந்திரமும் தர வேண்டும்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் பார்த்த ஓர் இளைஞர் நினைவுக்கு வருகிறார். அவருக்கும் லிம்ஃபோமா. நிமிடத்துக்கு 36 முறை மூச்சு, முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை, முகத்தில் நெபுலைசர் முகமூடி. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று எண்ணி அன்றிரவு நான்கு முறை சால்பியூட்டமால் கொடுத்திருந்தோம். விடியற்காலைப் பரிசோதனையில் லேக்டேட் 7-லிருந்து 9-க்கு ஏறியிருந்தது. சால்பியூட்டமால் தானே லேக்டேட்டை ஏற்றும் மருந்து என்பதை எங்கள் மூத்த மருத்துவர் வந்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து "விசில் சத்தமே இல்லையே, எதற்கு இது?" என்று கேட்டபிறகுதான் உறைத்தது.

இன்னொரு எண்ணும் பலருக்குத் தவறான நிம்மதியைத் தரும். சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வருவது அயனி இடைவெளி. சுமார் 12 வரை இயல்பு; அதற்கு மேல் போனால் அமிலம் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அப்பாவுக்கு 134-லிருந்து 98-ஐயும் 9-ஐயும் கழிக்க 27 வருகிறது. ஆனால் புற்றுநோயாளிகளுக்கு ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைந்திருக்கும். இயல்பான 4 கிராமிலிருந்து ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் ஏறத்தாழ 2.5 கூட்டிக்கொள்ள வேண்டும். அவருடைய ஆல்புமின் 2.4 என்பதால் உண்மையான இடைவெளி 31-ஐத் தொடுகிறது. இதை மறந்தால், ஆரம்ப நிலையில் இருக்கும் அசிடோசிஸ் கண்ணில் படாமலே போகும்.

இவ்வளவுக்குப் பிறகும், "புற்றுநோய்தான் காரணம்" என்று சட்டென முடிவுகட்டிவிடக் கூடாது. புற்றுநோயாளிக்கு லேக்டேட் ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நோய்த்தொற்று. இரத்தத்தில் கிருமி பரவி இரத்த ஓட்டம் தளர்வதே மிகச் சாதாரணமான காரணம். இரத்த அழுத்தம் நன்றாக இருப்பதால் மட்டும் அதை விலக்கிவிட முடியாது. அப்பாவுக்கு இரத்தக் கல்ச்சர் எடுத்து, முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்கியது முற்றிலும் சரி. அடுத்து மருந்துகள். சர்க்கரைக்கு அவர் சாப்பிட்டது மெட்ஃபார்மின் என்றால், சிறுநீரகம் பழுதான நிலையில் அது உடலில் தேங்கி லேக்டேட்டை ஏற்றும், ஐ.சி.யு.வில் சேர்ந்தவுடன் நிறுத்தியிருப்பார்கள், ஆனாலும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் கொடுக்கப்படும் லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கும் இதைச் செய்யும். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவது, "ஏதோ வெள்ளை மாத்திரை" என்று சொல்வதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

மூன்றாவது காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எளிதில் மறக்கப்படுவதும் மிகக் குறைந்த செலவில் சரிசெய்யக்கூடியதும் அதுதான்: தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைபாடு. குளுக்கோஸ் பாதியிலேயே லேக்டேட்டாக நின்றுவிடாமல் முழு எரிப்புக்குள் நுழைவதற்குத் தயமின் தேவை. உடலின் கையிருப்பு மொத்தமே 30 மில்லிகிராம் அளவுதான். உணவில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் காலியாகிவிடும். உங்கள் அப்பா இரண்டு மாதமாகக் காய்ச்சலில், பெரும்பாலும் பச்சரிசிக் கஞ்சியை மட்டும் குடித்துவந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் தயமின் தவிட்டோடு போய்விடுகிறது. புழுங்கலரிசியில் நெல் வேகும்போதே அது உள்ளே இறங்கித் தங்குகிறது. அதன்மேல் வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்களும் தயமினைச் செலவழிக்கின்றன. 1997-இல் அமெரிக்காவில் நரம்புவழி ஊட்டத்தில் சேர்க்கும் பல்வைட்டமின் மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, தயமின் இல்லாத ஊட்டத்தைப் பெற்ற நோயாளிகளுக்கு லேக்டிக் அசிடோசிஸ் வந்ததை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. பைகார்பனேட்டால் இறங்காத அமிலம் தயமின் ஊசியால் இறங்கும். எனவே இத்தகைய நோயாளி எவருக்கும், இரத்தத்தில் தயமின் அளவைப் பரிசோதித்து முடிவு வரும்வரை காத்திருக்காமல், 100 முதல் 500 மில்லிகிராம் வரை நரம்புவழி கொடுத்துவிடுவதே என் வழக்கம். அதுவும் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பாகவோ கூடவேயோ. "தயமின் கொடுத்தாயிற்றா?" என்று கேட்பதில் தவறேதும் இல்லை.

பரிசோதனைச் சாலையையும் விட்டுவிட வேண்டாம். வெள்ளணுக்கள் இலட்சக்கணக்கில் ஏறியிருக்கும் லுக்கேமியா (இரத்தப் புற்றுநோய்) நோயாளிகளின் இரத்தத்தை எடுத்துக் குழாயில் வைத்திருந்தால், அந்தச் செல்கள் குழாய்க்குள்ளேயே குளுக்கோஸைத் தின்று லேக்டேட்டை உமிழ்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஃப்ளோரைடு கலந்த சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து உடனே அனுப்புகிறோம். உங்கள் அப்பாவுக்கு வெள்ளணு இயல்பான அளவில் இருப்பதால் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. மேலும், சில பரிசோதனைச் சாலைகள் லேக்டேட்டை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தரும். அதை 9-ஆல் வகுத்தால் மில்லிமோல் கிடைக்கும். மருத்துவமனை மாறும்போது 11.4 என்பது 103 ஆகிவிட்டதாக நினைத்துப் பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிங்கர் லேக்டேட் பற்றி. பெயரைப் பார்த்து உறவினர் சந்தேகப்பட்டது புரிகிறது. 500 மில்லி பாட்டிலில் இருப்பது சுமார் 14 மில்லிமோல். உடல் தானே ஒரு நாளில் உண்டாக்குவது 1,500. அதிலும் அது அமிலமாக இல்லை, சோடியம் லேக்டேட் என்ற உப்பாக இருக்கிறது. கல்லீரல் அதைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும். கல்லீரல் பெரிதும் பழுதான நோயாளிக்கு அதைத் தவிர்த்து வேறு திரவத்தைத் தேர்வது நல்ல நடைமுறை, அவ்வளவே. அந்தப் பாட்டில் இந்த நோயைக் கொண்டுவரவில்லை.

சோடா பைகார்ப்பை ஏன் நிறுத்தினார்கள் என்பதுதான் உங்கள் மனத்தை அதிகம் உறுத்துவதாகத் தெரிகிறது. 25 மில்லி ஆம்பூல் ஒன்றில் சுமார் 22 மில்லிமோல் பைகார்பனேட் இருக்கிறது. கட்டி இரவும் பகலும் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டிருக்க, அதற்கு ஈடாக ஆம்பூல்களை உடைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பைகார்பனேட் அமிலத்தோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. ஏற்கெனவே திணறி மூச்சுவிடும் அவர் அதையும் ஊதித் தள்ள வேண்டும். சோடியமும் நீரும் சேர்ந்து உடல் வீங்கும். இரத்தத்தில் செயல்படும் கால்சியம் குறைந்து இதயத் துடிப்பின் வலு தளரலாம். எல்லாவற்றிலும் மோசமானது, அமிலம் குறைந்த சூழலில் குளுக்கோஸை உடைக்கும் நொதி இன்னும் வேகமாக இயங்குவதால், கட்டி முன்னிலும் அதிகமாக லேக்டேட்டைச் சுரக்கக்கூடும். ஊற்று அடைபடாத கிணற்றை இறைப்பதுபோல. இறைக்கும்போதே ஊற்றின் வாயையும் அகலப்படுத்திவிடுகிறோம்.

இதனால் பைகார்பனேட்டே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். பிரான்ஸில் 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 389 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், பி.எச். 7.20 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்குப் பைகார்பனேட் கொடுத்ததால் மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் சிறுநீரகமும் கணிசமாகப் பழுதாகியிருந்தவர்களுக்கு நன்மை தெரிந்தது. அவர்கள் பொதுவான தீவிர நோயாளிகள், லிம்ஃபோமாவால் அமிலம் ஏறியவர்கள் அல்லர். ஆனாலும் நாங்கள் எல்லோரும் கைக்கொள்ளும் 7.20 என்ற கோட்டுக்கு அது ஓர் ஆதாரம். அப்பாவின் பி.எச். 7.24, சிறுநீரகமும் இயங்குகிறது. நிறுத்தியதில் எனக்குக் குறை தெரியவில்லை. 7.20-க்குக் கீழே இறங்கினால், கீமோ வேலை செய்யத் தொடங்கும்வரை இதயத்தைக் காப்பாற்ற அளவாக மறுபடி கொடுப்பார்கள். சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸும் அதே நோக்கத்துக்குத்தான். அது அமிலத்தைச் சமன்படுத்தவும் பொட்டாசியத்தை இறக்கவும் உதவும், ஆனால் உருவாகும் லேக்டேட்டில் சிறு பங்கைத்தான் அதனால் வெளியேற்ற முடியும்.

லேக்டேட்டைக் குறைப்பதற்கென்றே டைகுளோரோ அசிடேட் என்று ஒரு மருந்து உண்டு. இணையத்தில் தேடியவர்கள் அதைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. 252 தீவிர நோயாளிகளிடம் அதைப் பரிசோதித்து 1992-இல் வெளியிட்டார்கள். லேக்டேட் இறங்கியது, பி.எச். சற்றே ஏறியது, ஆனால் உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. எண்ணை மட்டும் திருத்தினால் போதாது என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான சான்று அதுதான்.

குளுக்கோஸை நிறுத்துங்கள் என்ற யோசனை ஆபத்தானது. அப்பாவின் இரத்தச் சர்க்கரை 54 என்று அறிக்கையில் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திய பின்னும் அந்த அளவு. கட்டி அவ்வளவு குளுக்கோஸை விழுங்குகிறது, நோயுற்ற கல்லீரலால் ஈடுசெய்ய முடியவில்லை. வியர்வையோ நடுக்கமோ மயக்கமோ இல்லாமல் அவர் பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம், மூளை அந்த லேக்டேட்டையே ஓரளவு எரிபொருளாக எடுத்துக்கொள்வதாக இருக்கலாம். அறிகுறி இல்லை என்பதற்காகச் சர்க்கரையை இறங்கவிட முடியாது. குளுக்கோஸ் அதிகம் ஏற்றினால் லேக்டேட் ஏறும் என்பதும் உண்மைதான்; ஆகவே மணிக்கொரு முறை குளுக்கோமீட்டரில் பார்த்து, சர்க்கரை விழாத அளவுக்கு மட்டும், தயமினோடு சேர்த்துக் கொடுப்பார்கள். ஆப்ப சோடாவும் வேதியியலில் பைகார்பனேட்தான். நரம்புவழி அளந்து கொடுத்தே பயன் குறைவு என்று நிறுத்தப்பட்ட ஒன்றை, மூச்சுவாங்கும் நோயாளிக்கு வாய்வழி அளவில்லாமல் கொடுப்பதால் வாந்தியும் வயிற்று உப்பசமும் புரையேறும் ஆபத்தும்தான் மிஞ்சும். உறவினரிடம் அன்பாகவே மறுத்துவிடுங்கள்.

இனி கீமோ. சதைப் பரிசோதனை முடிந்து வகை தெரிந்துவிட்டது உங்கள் அதிர்ஷ்டம். அதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் செல்கள் கரைந்து முடிவே குழம்பிப் போகலாம். இப்போது அந்தத் தடை இல்லை. இத்தகைய நோயாளிக்கு முதல் நாளே முழு வீச்சில் அத்தனை மருந்தையும் கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஸ்டீராய்டையும், நிலைமைக்கேற்ப சைக்ளோபாஸ்பமைடையும் முன்னோட்டமாகக் கொடுத்து, சில நாளில் நிலைமை தணிந்ததும் மற்ற மருந்துகளைச் சேர்ப்போம். டாக்ஸோரூபிசினும் வின்கிறிஸ்டினும் கல்லீரல் வழியாக வெளியேறுபவை என்பதால் கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபின் அளவைப் பார்த்து அவற்றைக் குறைப்போம் அல்லது தள்ளிவைப்போம். "இவ்வளவு பலவீனமானவருக்கா?" என்று நீங்கள் கேட்பது சரிதான், ஆனால் அந்தப் பலவீனத்தை உண்டாக்குவதே லிம்ஃபோமாதான் என்பதால், தேறட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவரை இன்னும் பலவீனப்படுத்தும்.

கீமோ வேலை செய்தால் வேறொரு ஆபத்து வரும்: கட்டி திடீரெனச் சிதைந்து பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் எல்லாம் இரத்தத்தில் கொட்டும். அதற்காகத்தான் முன்கூட்டியே திரவம் ஏற்றி, யூரிக் அமிலத்தைக் கட்டுப்படுத்தும் அலோபியூரினால் அல்லது ராஸ்புரிகேஸ் கொடுத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ராஸ்புரிகேஸுக்கு முன், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்று பார்க்க வேண்டும். "மறுபடி மறுபடி ஊசி குத்துகிறார்கள்" என்று நீங்கள் வருந்தினீர்களே, அப்படி அடிக்கடி இரத்தம் எடுப்பதன் காரணம் இது. மருந்துக்கு இணங்கும் லிம்ஃபோமாவில் ஓரிரு நாளிலேயே லேக்டேட் இறங்கத் தொடங்குவதைக் காணலாம். ஒற்றை எண்ணைப் பார்க்காதீர்கள், 11.4, 10.8, 8.9 என்று போகிறதா, 11.4, 12.6, 14 என்று போகிறதா என்பதைக் கேளுங்கள்.

இரண்டாவது வரிசையாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். புற்றுநோயால் வரும் லேக்டிக் அசிடோசிஸ் மிகக் கடுமையான அடையாளம். நோய் மருந்துக்கு இணங்காதவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களைத் தாண்டுவதில்லை, சிலருக்கு அது நாட்கணக்கே. லிம்ஃபோமா கீமோவுக்கு இணங்கும் நோய் என்பதால்தான் உங்கள் மருத்துவர் முயன்று பார்க்கச் சொல்கிறார். கல்லீரல் முழுதும் பரவி, பல மருந்துகளைத் தாண்டிவிட்ட நுரையீரல் அல்லது மார்பகப் புற்றுநோயாக இருந்திருந்தால், இதே எண்களைப் பார்த்து நானே கீமோ வேண்டாம் என்றிருப்பேன். அப்போது குறைந்த அளவு மார்ஃபினும், முகத்தில் படும்படி ஒரு சிறு மின்விசிறியும், தலையணையை உயர்த்திய படுக்கையுமாக மூச்சுத்திணறலின் வேதனையைத் தணிப்பதே மருத்துவம். முன்பு ஊசி வேண்டாம் என்றது மூச்சைத் தக்கவைக்க முயலும் நோயாளிக்கு. இங்கே நோக்கமே வேறு. எந்தக் கட்டத்தில் அந்தப் பாதைக்கு மாறுவது என்பதை இப்போதே, அப்பா பேசும் நிலையில் இருக்கும்போதே, அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அவர் பெயரில் நீங்கள் முடிவெடுப்பதைவிட, அவர் விருப்பத்தைக் கேட்டுவைப்பது எல்லோருக்கும் இலகு.

அண்ணனைப் பற்றி நீங்கள் கடைசியாகக் கேட்டிருந்ததற்கு, நான் அனுப்பிய தனிப் பதிலில் முதல் வரியாகவே பதில் எழுதியிருந்தேன்: இன்றே புறப்படச் சொல்லுங்கள். கீமோ தொடங்கி முதல் 72 மணி நேரத்தில் லேக்டேட் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும். அது இறங்கினாலும் கட்டி சிதையும் அந்த நாட்கள் ஆபத்தானவை, ஏறினால் நேரம் குறைவு. எப்படியாயினும் அந்த மூன்று நாள் அவர் அருகில் இருக்க வேண்டிய நாட்கள்.